குண்டு எங்கே போய் நிற்கும்?

ராகி முற்றுகிற நாள்களில் பன்னேர்கட்டா காட்டை ஒட்டிய ஊர்களில் யாரும் முழுசாகத் தூங்குவதில்லை. பரண்மேல் ஒருவர் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டிருப்பார். கீழே ஒருவர் டார்ச் அடித்தபடி வரப்பில் நடப்பார். வடக்கே பார்த்தால் பெங்களூரின் அடுக்குமாடி விளக்குகள் தெரியும். காட்டுப்பன்றிக் கூட்டம் வந்துபோன வயலைக் காலையில் போய்ப் பார்த்தால், தின்றதைவிட உழுது போட்டதும் மிதித்துச் சாய்த்ததும்தான் அதிகமாக இருக்கும். அந்த வயிற்றெரிச்சலில் யாராவது கேட்பார்கள்: சுட அனுமதி கிடைத்தால், எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா?

துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் இதைக் கேட்டால் விடியும்வரை பேசுவார்கள். பேச்சு முழுக்க ‘எது பன்றியை நின்ற இடத்திலேயே சாய்க்கும்’ என்பதிலேயே சுற்றிவரும். என்னைக் கேட்டால் அது பாதிக் கேள்விதான். பன்றியைத் துளைத்த பிறகோ, குறி தவறிய பிறகோ அந்தக் குண்டு எங்கே போய் நிற்கும் என்பது மீதிப் பாதி. ஊரும் வயலும் காடும் இவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கிற நம் நாட்டில் அந்த மீதிப் பாதிக்குத்தான் எடை அதிகம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடலாம். 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு. 2022இல் வந்த திருத்தம் அதை இரண்டாம் அட்டவணையில் வைத்திருக்கிறது. அனுமதி இல்லாமல் சுட்டால் குற்றம். அனுமதி என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. மத்திய அரசு பிகாரிலும் உத்தரகாண்டிலும் சில காலத்துக்குக் காட்டுப்பன்றியைத் தீங்குயிர் என்று அறிவித்தது. கேரளம் அதே அறிவிப்பைக் கேட்டது, கிடைக்கவில்லை. ஆகவே 2022இல் ஊராட்சி, நகராட்சித் தலைவர்களுக்கே கௌரவ வன உயிர்க் காப்பாளர் அதிகாரத்தைக் கொடுத்து, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு சுட வழி செய்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் தூரக் கணக்கு ஒன்றைக் கொண்டுவந்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, மூன்று கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம்.

அனுமதிக்குக் காத்திராதவர்கள் செய்வதும் நமக்குத் தெரியும். பழத்துக்குள்ளோ கொழுப்புக்குள்ளோ வெடிமருந்தைப் பொதிந்து வைக்கிற அவுட்டுக்காய், வேலியில் திருட்டு மின்சாரம். பன்றிக்கு வைத்ததை யானை கடிக்கிறது. 2020இல் பாலக்காட்டு ஆற்றில் வாய் சிதைந்து நின்றபடியே செத்துப்போன கருவுற்ற யானையின் படத்தை எளிதில் மறக்க முடியாது. ஒப்பிட்டுப் பார்த்தால், தெரிந்தவர் கையில் இருக்கும் துப்பாக்கி எவ்வளவோ நாகரிகமான கருவி. தெரிந்தவர் கையில் என்பதுதான் நிபந்தனை.

இந்த ஊரில் துப்பாக்கிப் பேச்சு என்றாலே கென்னத் ஆண்டர்சன் வந்துவிடுவார். 1910இல் பிறந்து 1974இல் மறைந்தவர், பெங்களூர்க்காரர், விமானத் தொழிற்சாலையில் வேலை. ஓய்வு கிடைத்தால் ஓசூர் வழியாக ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் காடுகளுக்குப் போய்விடுவார். ஆட்கொல்லிகளைப் பற்றி அவர் எழுதிய முதல் புத்தகம் 1954இல் வந்தது. கையில் இருந்தது .405 வின்செஸ்டர், 1895ஆம் ஆண்டு மாடல். அதே துப்பாக்கியைத்தான் அமெரிக்க அதிபராக இருந்து ஓய்வுபெற்ற தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்கு எடுத்துப்போனார். பத்தொன்பது கிராமுக்குச் சற்று மேல் எடையுள்ள குண்டு நொடிக்கு 670 மீட்டர் வேகத்தில் கிளம்பும். ஆற்றல் கணக்கில் 4,300 ஜூலைத் தாண்டும். நாற்பது ஐம்பது அடி தூரத்தில் பாயத் தயாராக நிற்கும் சிறுத்தைக்கு எதிராக அதைத் தேர்ந்தெடுத்தவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பன்றிக்கு?

இங்கே சொற்களைக் கொஞ்சம் சரிசெய்துகொள்ள வேண்டும். தோட்டா என்பது முழுப் பொட்டலம். பித்தளைக் கூடு, அடியில் தீப்பொறி தரும் கேப், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு, எல்லாம் சேர்ந்தது. பறந்து போவது குண்டு மட்டும். .405, .315 என்கிற எண்கள் அங்குலத்தில் குழலின் அகலத்தைக் குறிப்பவை; .315 என்றால் எட்டு மில்லிமீட்டர். ‘பன்னிரண்டு போர்’ என்பது வேறு கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை அந்தக் குழலுக்குள் அளவாக நுழையும். போர் எண் கூடக் கூடக் குழல் சிறுத்துப்போவது இதனால்தான்.

விலங்கைப் பார்த்துத் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும் வசதி இந்தியாவில் பெரும்பாலும் இருந்ததில்லை. அரசாங்கத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ராணுவத் தோட்டா கலகக்காரர்கள் கையில் சேர்ந்துவிடுமோ என்ற பயம் வெள்ளைக்காரனுக்கு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 அளவுத் தோட்டாக்களை இந்தியாவுக்குள் விடாமல் தடுத்தார்கள். உடனே லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470 என்று புதுப்புது அளவுகளைக் கண்டுபிடித்தன. படையினரின் .303உம் பொதுமக்களுக்குக் கிடையாது. அதற்கு ஈடாக வந்ததுதான் .315. அதன் மூலம் 1880களின் இறுதியில் ஆஸ்திரியா-ஹங்கேரிப் படைக்காகப் பிறந்த மான்லிச்சர் தோட்டா. சுதந்திரத்துக்குப் பிறகும் தடைசெய்த அளவு என்ற அதே ஏற்பாடு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் தொடர்ந்தது. எனவே இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்த .315தான் தலைமுறை தலைமுறையாக நம் விவசாயிகளின் ரைபிள். ஆஸ்திரியச் சிப்பாய்க்குச் செய்த தோட்டா ராகிக்குக் காவல் நிற்பது எனக்கு எப்போதும் சிரிப்பூட்டும் சங்கதி.

குடகில் கதை வேறு. கொடவர்களுக்கும் பரம்பரை உரிமையான ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் துப்பாக்கி உரிமம் எடுப்பதிலிருந்து விலக்கு உண்டு. ஆங்கிலேயர் காலத்திலிருந்து வரும் அந்தச் சலுகையை மத்திய அரசு 2029வரை நீட்டித்திருக்கிறது, கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் அதை உறுதிசெய்தது. கயில்பொல்து என்ற ஆயுதத் திருநாளில் துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூசை நடக்கும். ஆனால் விலக்கு துப்பாக்கிக்கு மட்டும்தான், வேட்டைக்கு இல்லை. அவர்களின் பன்றிக் கறியான பந்திக் கறிக்கு இன்று வளர்ப்புப் பன்றிதான்.

இனி பன்றியிடம் வருவோம். நம் நாட்டுக் காட்டுப்பன்றியின் முழுவளர்ச்சி பெற்ற ஆண் எளிதாக நூறு கிலோவைத் தாண்டும். கழுத்திலிருந்து முதுகு நெடுக நிமிர்ந்து நிற்கும் பிடரி மயிர் ஐரோப்பியப் பன்றிக்கு இருப்பதைவிட அடர்த்தியானது. இருட்டில் அதையும் உடம்பென்று நம்பி நடுவில் குறிவைத்தால் குண்டு முதுகெலும்புக்கு மேலே போய்விடும். இதயமும் நுரையீரலும் முன்னங்கால்களுக்கு இடையே, நாம் நினைப்பதைவிடத் தாழ்வாகவும் முன்னாலும் இருக்கின்றன. மானைச் சுடுகிற வழக்கத்தில் தோளுக்குப் பின்னால் அடித்தால் பன்றிக்கு வயிற்றில் படும். வயிற்றில் பட்ட பன்றி பல மணி நேரம் நடந்து, புதரில் படுத்து, காலையில் விறகு பொறுக்க வருகிறவர் மேல் பாயும்.

ஆண் பன்றிக்கு இன்னொரு ஏற்பாடும் உண்டு. தோளிலிருந்து விலாவரை தோலுக்கு அடியில் குருத்தெலும்புபோல் கெட்டித்துப்போன ஒரு கவசம். இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனம்கூட இருக்கும். இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண்கள் ஒன்றையொன்று கோரைப்பல்லால் பக்கவாட்டில் கிழிக்கும். அந்த அடியைத் தாங்கத்தான் இயற்கை இதைத் தைத்துக் கொடுத்திருக்கிறது. மேலே காய்ந்த சேறு வேறு. குண்டு இதயத்துக்குப் போகும் வழி சரியாக இந்தக் கவசத்தின் ஊடாகத்தான்.

சினிமாவில் சுடப்பட்டவன் பின்னால் பறந்து விழுவான். நியூட்டன் அதை அனுமதிக்க மாட்டார். .315 குண்டு ஏறத்தாழ 16 கிராம், கிளம்பும் வேகம் நொடிக்கு 600 மீட்டர் அளவில். இரண்டையும் பெருக்கினால் வரும் உந்தத்தை நூறு கிலோ பன்றி முழுசாக வாங்கிக்கொண்டாலும், அது பின்னால் நகரும் வேகம் நொடிக்குப் பத்து சென்டிமீட்டர்தான். எறும்பைவிடக் கொஞ்சம் வேகம். குண்டு பன்றியைத் தள்ளுவது, துப்பாக்கி உங்கள் தோளைத் தள்ளியதைவிட அதிகமாக இருக்க முடியாது. ‘அடித்த அடியில் தூக்கி எறிந்துவிட்டது’ என்று சொல்கிறவர்களை நான் மரியாதையாகக் கேட்டுக்கொள்வேன், நம்ப மாட்டேன்.

அப்படியானால் விலங்கு எதனால் விழுகிறது? மூளையோ தண்டுவடமோ நொறுங்கினால் உடனே. மற்றபடி இரத்தம் வடிந்து, மூளைக்குப் பிராணவாயு நின்றுபோவதால். இதயத்தையே கிழித்துவிட்டாலும் மூளையில் மிச்சமிருக்கும் இருப்பு பத்துப் பதினைந்து நொடிக்குப் போதும். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் ஓடக்கூடிய பன்றிக்குப் பத்து நொடி என்பது நூறு மீட்டர். ‘குறி சரியாகத்தான் பட்டது, ஆனாலும் ஓடிவிட்டது’ என்று குழம்பத் தேவையில்லை, அது உடலியல். ஆகவே தோட்டாவிடம் கேட்க வேண்டியது ஆழமாகப் போகிற, அகலமான ஒரு துளையை. தள்ளுகிற பலத்தை அல்ல.

ஆழத்துக்கு வேகம் மட்டும் போதாது. கோணி ஊசியும் கோலிக்குண்டும் ஒரே எடையில் இருந்தால் எது சாக்கைத் துளைக்கும்? முகப்பின் பரப்புக்கு எவ்வளவு எடை பின்னால் நின்று தள்ளுகிறது என்பதுதான் விஷயம். இந்தக் கணக்கில் நம் பழைய .315 ஆச்சரியப்படுத்துகிறது. அதன் குண்டு நீளமானது. பருமனுக்கேற்ற எடை என்று பார்த்தால் ஆண்டர்சனின் .405ஐவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். அமெரிக்காவில் பன்றிக்கூட்டத்தின் மேல் சகட்டுமேனிக்குச் சுடப் பயன்படும் .223இன் சாதாரணக் குண்டைவிட இரண்டு மடங்கு. அந்த .223 நொடிக்கு ஆயிரம் மீட்டரை நெருங்கும் வேகத்தில் கிளம்புகிறது, ஆனால் எடை மூன்றரை கிராம்தான். கவசத்தில் பட்டதும் பொடிந்து, மேலோட்டமான பெரிய புண்ணை உண்டாக்கிவிட்டு நின்றுபோகும் ஆபத்து அதற்கு உண்டு. குட்டிக்கும் பெட்டைக்கும் போதுமானது முதிர்ந்த ஆணுக்குப் போதாமல் போவது இப்படித்தான். .22ஐப் பற்றிப் பேசவே வேண்டாம். இருநூறு ஜூலுக்கும் குறைந்த அந்தக் குண்டால் பன்றியைச் சுடுவது சித்திரவதை.

உதையையும் மறக்கக் கூடாது. ஒரே எடையுள்ள துப்பாக்கி என்றால் .405 தோளில் இறக்கும் ஆற்றல் .315ஐப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. உதைக்குப் பயந்தவர் விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு எந்தத் தோட்டாவாக இருந்தால் என்ன?

அகலத்தைத் தருவது குண்டின் மூக்கு. இதன் சரித்திரத்தில் ஒரு முக்கியமான அத்தியாயம் நம் நாட்டில் நடந்தது. 1890களில் வடமேற்கு எல்லையில் போரிட்ட பிரிட்டிஷ் படையினர், முழுக்க உலோக உறை போட்ட புதிய .303 குண்டு எதிரியின் உடலில் ஊசிபோல் துளைத்து வெளியேறிவிடுகிறது, ஆள் நிற்காமல் வருகிறான் என்று குறைபட்டார்கள். கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கும் டம்டம் தோட்டாத் தொழிற்சாலையில், கேப்டன் பெர்ட்டி-கிளே மேற்பார்வையில், மூக்கில் மட்டும் உறையை நீக்கி ஈயம் தெரியும்படி ஒரு குண்டு செய்தார்கள். சதையில் பட்டதும் மூக்கு நசுங்கிக் காளான்போல் விரியும். ‘டம்டம் குண்டு’ என்று ஊர்ப்பெயரே உலகப் பெயராகிவிட்டது. 1899இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள் அவ்வகைக் குண்டுகள் போருக்குக் கூடாது என்று தீர்மானித்தன. வேடிக்கை என்னவென்றால், மனிதனுக்குக் கொடுமை என்று ஒதுக்கிய அதே குண்டுதான் விலங்குக்குக் கருணை. விரியாத குண்டு சிறு துளை போட்டுவிட்டுப் போகும், விலங்கு நாள்கணக்கில் சாகும். அதனால் பல நாடுகள் பெரிய விலங்குகளை முழு உறைக் குண்டால் சுடுவதைத் தடைசெய்திருக்கின்றன.

விரிகிற குண்டுக்கு இன்னொரு குணமும் உண்டு, என் கேள்விக்கு நெருக்கமானது. விரிந்த முகப்பு தடையைக் கூட்டுகிறது. குண்டு பன்றிக்குள்ளேயே நின்றுவிடலாம், வெளியே வந்தாலும் வேகம் பெரும்பாலும் செத்திருக்கும். முழு உறைக் குண்டு ஒரு பன்றியைத் துளைத்து, பின்னால் நிற்கும் இன்னொன்றையும் துளைத்து, அதற்கும் பின்னால் உறங்கும் வீட்டை நோக்கிப் போகும்.

குறி தவறினால்? அங்கே குண்டின் வகை எதுவும் காப்பாற்றாது. ரைபிள் குண்டு, குழல் சற்றே மேல்நோக்கி இருந்தால், மூன்று கிலோமீட்டரையும் தாண்டிப் போய் விழக்கூடியது. பன்னேர்கட்டா ஓரத்து வயலில் நின்று மூன்று கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள். எத்தனை ஊர், எத்தனை கோழிப் பண்ணை, எத்தனை லேஅவுட், எத்தனை பொறியியல் கல்லூரி விடுதி! பன்னிரண்டு போரில் எஸ்.ஜி. தோட்டா போட்டால் உள்ளே இருப்பது எட்டு மில்லிமீட்டர் சொச்சம் பருமனுள்ள சில ஈயக் குண்டுகள், ஒவ்வொன்றும் மூன்றரை கிராம். உருண்டை வடிவம் காற்றில் சீக்கிரம் வேகத்தை இழக்கும், அறுநூறு எழுநூறு மீட்டருக்கு மேல் போகாது. ஊருக்கு நடுவே அது பெரிய நிம்மதி. விலை என்னவென்றால், முப்பது மீட்டருக்கு மேல் குண்டுகள் சிதறிப்போகும். முதிர்ந்த ஆணின் கவசத்தில் சில அங்கேயே தங்கிவிடும். காயம் பட்டுத் தப்பிய பன்றியைத் தேடிப் போகும் வேலை மிஞ்சும்.

இரண்டுக்கும் நடுவே ஒன்று உண்டு. அதே பன்னிரண்டு போர் குழலில் ஒற்றைக் குண்டு. 28 கிராம் ஈயம், நொடிக்கு 450 மீட்டர் என்றால் 2,800 ஜூல். .315 தருகிற அளவேதான். அகலம் பதினெட்டு மில்லிமீட்டர் என்பதால் விரிய வேண்டிய அவசியமே இல்லை. தடித்த உருவம் என்பதால் ரைபிள் குண்டு போகும் தூரத்துக்குப் போகாது. ஐம்பது மீட்டருக்குள் முடிகிற வயற்காவலுக்கு, கையில் பழகியிருந்தால், என் ஓட்டு இதற்குத்தான். ரைபிள்தான் என்றால் .315, மென்மூக்குக் குண்டு. .30-06 ரைபிள் வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அது நல்ல தோட்டாதான், ஆனால் அதன் நீண்ட தூரத் திறமைக்கு இந்த வயல்களில் வேலை இல்லை. இருக்கவும் கூடாது.

ஈயம் என்று சொன்னதும் ராமநகரம் நினைவுக்கு வருகிறது. பெங்களூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர், ஷோலே படம் எடுத்த பாறைகள். அங்கே ராமதேவர பெட்டாவில் 2012இல் பிணந்தின்னிக் கழுகுகளுக்கென்றே ஒரு சரணாலயம் அறிவித்தார்கள். வேகமாகப் பாயும் ஈயக் குண்டு உடைந்து, கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சதையில் பரவும். சுட்ட விலங்கின் குடலையோ சடலத்தையோ தின்னும் கழுகின் வயிற்று அமிலம் அதைக் கரைத்துவிடும். கலிபோர்னியாவில் காண்டோர் கழுகுகள் இப்படி ஈய நஞ்சால் செத்தன. அந்த மாநிலம் 2019 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டையே தடைசெய்துவிட்டது. மாற்று, முழுச் செம்பில் செய்த குண்டு. அது உடையாமல் இதழ் விரித்து ஆழமாகப் போகும். நம்மூரில் அது கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே சுட்ட பன்றியை ஆழமாகப் புதைப்பது, மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்தில் ஏற்கெனவே பெரும்பகுதி அழிந்துபோன கழுகுக் குலத்துக்குச் செய்கிற உதவி.

தோட்டாவை முடிவுசெய்த பிறகும் ஒரு கணக்கு மிச்சமிருக்கிறது. சமதளத்தில் நின்றபடி சுடுகிறவரின் தோள் தரையிலிருந்து 1.4 மீட்டர். 25 மீட்டரில் நிற்கும் பன்றியின் இதயம் 40 சென்டிமீட்டர் உயரம். தவறிய குண்டு பன்றியைத் தாண்டிப் பத்து மீட்டர் போய்த் தரையைத் தொடும், அதுவும் இரண்டு டிகிரிச் சாய்வில். குளத்தில் சில்லு எறிந்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சாய்வில் போவது முங்காது, துள்ளும். கல்லில் பட்டால் எந்தத் திசை என்று யாரும் சொல்ல முடியாது. அதே ஆள் நான்கு மீட்டர் பரணில் உட்கார்ந்தால் குண்டு பன்றிக்குப் பின்னால் மூன்று மீட்டருக்குள் மண்ணில் இறங்கும், சாய்வு எட்டு டிகிரி. பரணை ஆறு மீட்டராக உயர்த்தினால் பதின்மூன்று டிகிரி, இரண்டு மீட்டருக்குள் சங்கதி முடிந்தது. உழுத ராகிக்கொல்லையின் ஈரமண் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஆறு மீட்டர் பரணுக்கு நாலு யூக்கலிப்டஸ் கம்பும் ஒரு சுருள் கயிறும் போதும், உரிமம் வேண்டாம்.